ரம்பப் பல்லும் ஓரறிவுயிரும்

செயின் ரம்பத்தின் பல்லுக்கு அரம் போடுவது உயிர்க்கொலையில் ஒரு பங்கா, அந்தக் கொலையைக் குறைக்கும் கவனமா என்ற கேள்வி, மரத்தை வெறும் சரக்காகப் பார்க்கும் ஊரில் எழாது. மரமும் உயிர் என்று கொள்ளும் சமயம் வேரூன்றிய இடத்தில்தான் எழும். செஞ்சி அப்படிப்பட்ட இடம். ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதே குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடமான நிசீதிகையைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது; எழுத்தமைதியைக் கொண்டு அதைச் சுமார் 6ஆம் நூற்றாண்டினது என்பர். செஞ்சி வட்டத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இன்றும் இயங்குகிறது. சுற்றுப்புற ஊர்களில் வாழும் தமிழ்ச் சமணர்களில் பெரும்பாலோர் பரம்பரையாக உழவர்கள். பட்டுப்போன வேம்பை வெட்டுவதும், வெட்டியதைப் பலகையாக அறுத்து நிலையும் கதவும் செய்வதும் அவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பொதுவான வாழ்க்கைதான்.

மரத்துக்கு ஓரறிவு என்ற கணக்கு சமணத்துக்கு மட்டும் சொந்தமில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டுமுள்ள ஓரறிவுயிர்களாக வைக்கிறது. அங்கேயே இன்னொரு பிரிவும் இருக்கிறது. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவை புல், உட்புறம் வைரம் பாய்ந்தவை மரம். இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம். வேம்பும் புளியும் மரம். இலக்கண ஆசிரியர் சொன்ன இந்த வேறுபாட்டை ரம்பம் பிடிப்பவர் கையால் அறிவார். வேம்பில் வெளிறு எளிதாகப் போகும், நடுவே வைரத்தில் பல் திணறும். பனையில் தலைகீழ், வெளிச்சுற்றுதான் இரும்பு, உள்ளே சோறு.

சமண நூல்கள் இந்த ஓரறிவை இன்னும் நீட்டுகின்றன. மண், நீர், தீ, காற்று, செடிகொடி ஆகிய ஐந்தும் நகராத உயிர்கள், தாவரம். இரண்டறிவு முதல் மேலே உள்ளவை நகரும் உயிர்கள், திரசம். மரத்துக்கு உண்மையில் உயிர் உண்டா என்பது தமிழில் வாதமாகவே நடந்திருக்கிறது. நீலகேசியில் பௌத்தரோடு நடக்கும் தருக்கங்களில் அதுவும் ஒன்று. துறவிக்கு இரு வகை உயிர்களையும் கொல்லாமை கடமை. இல்லறத்தாருக்கு விதி தளர்கிறது: நகரும் உயிரை வேண்டுமென்றே கொல்லக்கூடாது, நகராத உயிர்களிடத்தில் தேவைக்கு மீறிய தீங்கு கூடாது. ஆகவே இல்லறச் சமணர் மரம் வெட்டவே கூடாது என்று இந்த விதி சொல்லவில்லை. ஆதிநாதரான இருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்ததாக ஜினசேனரின் ஆதிபுராணம் கூறும் ஆறு தொழில்களில் வாளும் உழவும் சிற்பத்தொழிலும் அடக்கம். கேள்வி முழுவதும் ‘தேவை’ என்ற சொல்லின் எல்லையைப் பற்றியது. அந்த எல்லையை எங்கே வரைவது என்று பார்க்க, முதலில் அரம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

செயின் ரம்பத்தின் சங்கிலியில் வெட்டும் பற்கள் இடம், வலம் என்று மாறிமாறி அமைந்திருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கிறது. பல்லின் நுனியைவிட அது சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது வழக்கமான அளவு. பல்லின் உள்வளைவில் உருண்டை அரத்தை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளித் தீட்டுவார்கள்; இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக்கூடாது. சங்கிலியின் அளவுக்கேற்ப அரத்தின் பருமனும் மாறும்: சிறிய சங்கிலிக்கு 4 மி.மீ., அடுத்ததற்கு 4.8, பெரியவற்றுக்கு 5.2 அல்லது 5.5. ஒரு பக்கத்துப் பற்களை எல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளல். இடப்பல் நீளமாகவும் வலப்பல் குட்டையாகவும் போனால் அறுப்பு ஒரு பக்கமாகச் சாயும், பலகை ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலியும்.

இதுவரை சொன்னது எந்த வேலைக்கும் பொது. வேறுபாடு கோணத்தில் வருகிறது. நிற்கும் மரத்தை வெட்டவும் கிளை கழிக்கவும் ரம்பம் நாரைக் குறுக்கே அறுக்கிறது. அதற்குப் பல்லின் மேல்தட்டைச் சுமார் 30 டிகிரி சாய்வில் தீட்டுவார்கள். சாய்ந்த முனை கத்தியைப் போல நாரைத் துண்டித்துவிட்டுப் போகும். கிடக்கும் கட்டையைப் பலகையாக அறுக்கும்போது வேலை நெடுக்கில் நடக்கிறது. பல் நாரைத் துண்டிப்பதில்லை. உளிபோல நாரின் முனையைச் சீவி எடுக்கிறது. சாய்வு அதிகமிருந்தால் பல் பக்கவாட்டில் இழுத்துப் பலகையின் முகத்தில் கோடு கோடாகத் தழும்பு விழும். ஆகவே பலகைக்கான சங்கிலியைச் சுமார் 10 டிகிரியில், கிட்டத்தட்ட நேராகவே தீட்டுகிறார்கள். இந்தச் சங்கிலியால் மரத்தைச் சாய்க்கவே முடியாது என்றில்லை. மெதுவாக, முரண்டு பிடித்துக்கொண்டு சாய்க்கும். ஆனால் ஒருவர் 10 டிகிரியில் அரம் பிடித்தால், அவர் மனத்தில் இருப்பது ஏற்கெனவே தரையில் கிடக்கும் கட்டை என்று கொள்ளலாம்.

சமண அறவியலுக்கு இது சிறிய செய்தி அன்று. தீங்கை அளக்கையில் அது எப்போதும் மனத்தின் பக்கமே திரும்புகிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குத் தரும் வரையறை, கவனமின்மையோடு கூடிய செயலால் உயிரைப் பிரிப்பது என்பது. உயிர் போனதா என்பது பாதிக் கேள்வி. செய்தவர் எந்த நிலையில் இருந்தார் என்பது மறுபாதி. கருவியைக் கொண்டு மனத்தைப் படிப்பது பொதுவாக முடியாத காரியம். கத்தி காய்கறிக்கும் கழுத்துக்கும் ஒன்றுதான். ரம்பப் பல்லில் அப்படி இல்லை. நோக்கத்தில் பாதியாவது கோணத்தில் பதிந்துவிடுகிறது.

எதிர்வாதமும் சமணத்துக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் கூர்மையானது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார் விலக்க வேண்டிய பயனற்ற தீச்செயல்களை ஐந்தாகப் பிரிக்கிறது. அதைத் தழுவியெழுந்த தமிழ் நூல் அருங்கலச்செப்பு. அந்த ஐந்தில் ஒன்று இம்சாதானம்: கொலைக்குக் காரணமாகும் பொருளைப் பிறருக்குக் கொடுத்தல். கோடரி, வாள், மண்வெட்டி, நெருப்பு, ஆயுதம், நஞ்சு என்று செல்லும் அந்தப் பட்டியலில் சங்கிலியும் வருகிறது. அது விலங்குச் சங்கிலி. இன்றைய வாசகர் அந்தச் சொல்லைப் படித்தால் கொஞ்சம் திடுக்கிடத்தான் செய்வார். இந்த விதிப்படி பார்த்தால், கருவியை இரவல் கொடுப்பவரும் தீட்டிக் கொடுப்பவரும் வெட்டியவரின் பின்னால் ஒளிய முடியாது. செய்தல், செய்வித்தல், செய்தாரோடு உடன்படல் மூன்றும் ஒரே நிறையில் வைக்கப்படுகின்றன. மழுங்கிய ரம்பம் ஒரு நாளில் ஒரு மரத்தைச் சாய்க்கும். கூரான ரம்பம் பத்தைச் சாய்க்கும். அந்த ஒன்பது மரங்கள் அரம் போட்டவர் கணக்கில் எழுதப்பட வேண்டாமா?

சுவேதாம்பர மரபு இன்னும் வெளிப்படையாகத் தொழில்களையே குறித்துச் சொல்கிறது. உபாசகதசையும் ஹேமசந்திரரின் யோகசாஸ்திரமும் விலக்க வேண்டிய 15 தொழில்களைத் தருகின்றன. கரி சுடுதல், காடு வெட்டுதல், வண்டி செய்தல் ஆகியவை அதில் முதலில் வருபவை. செஞ்சிப் பகுதிச் சமணர் திகம்பரர். அவர்களிடையே பெரிதும் வழங்குவது வேறொரு பகுப்பு. தீங்கை நான்காக்கி, வேண்டுமென்று செய்வதை மட்டும் முழுதாக விலக்கி, அடுப்படியில் நேர்வது, பிழைப்பில் நேர்வது, தற்காப்பில் நேர்வது ஆகிய மூன்றையும் குறைக்கச் சொல்வது அது. ஏர் பிடிக்கும் சமூகத்துக்கு இந்தப் பகுப்பு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொழு முனையில் சாகும் புழுவைப் பற்றி யோசித்தவர்களுக்கு ரம்பப் பல் புதிய சிக்கல் ஆகாது.

மரத்தையே தொடாமல் இருந்துவிட்டால் என்ன? அதைச் செய்துகாட்டியதாகப் பெருமை பேசும் கட்டடம் ஒன்று இதே வட்டாரத்தில் இருக்கிறது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் அமைத்த ஆலயம் என்கிறது. மகேந்திரவர்மன் முதலில் சமணனாக இருந்து அப்பரால் சைவனானான் என்பது பெரியபுராண மரபு. அந்தக் குடைவரையைச் சமண உணர்வின் மிச்சம் என்று காட்ட எந்தச் சான்றும் கிடையாது; அது கட்டடக் கலைஞனின் மார்தட்டல்தான். ஆனாலும் ‘மரமின்றி’ என்ற சொல்லை நம்பலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. கருங்கல்லில் உளி மரத்தில் ரம்பத்தைவிட வேகமாக மழுங்கும். மழுங்கிய உளியைக் கொல்லுலையில் காய்ச்சி, அடித்து, தோய்த்துத்தான் மறுபடி கூராக்க முடியும். உலைக்குக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். மண்டபத்தின் தூணில் மரம் இல்லை. தூணைச் செதுக்கிய உளியின் முனையில் இருந்தது. கூர்மைக்கு ஒரு விலை உண்டு, அது பெரும்பாலும் கட்டடத்தின் கணக்கில் ஏறுவதில்லை. விலக்க வேண்டிய தொழில்களில் கரி சுடுதலை முதலிடத்தில் வைத்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள் என்றே தோன்றுகிறது.

ஆக, மரத்தை முற்றிலும் விலக்கும் வழி அவ்வளவு தூய்மையானதில்லை. எஞ்சுவது அளவு. இங்கே அரத்துக்குச் சாதகமான வாதம் வலுப்பெறுகிறது. செயின் ரம்பம் அறுக்கும் ஒவ்வொரு கோட்டிலும் ஏறக்குறைய 8 மி.மீ. மரம் தூளாகிறது, அறுவை மில்லின் பட்டை ரம்பத்தில் அது 2 முதல் 3 மி.மீ. ஒரு கட்டையில் பத்துக் கோடு அறுத்தால் செயின் ரம்பம் மூன்று அங்குலக் கனத்தைத் தரையில் கொட்டிவிடுகிறது. இயந்திரமே இவ்வளவு ஊதாரியாக இருக்கையில், மழுங்கிய பல் அதற்கு மேலும் தின்னும். அறுப்பு வளையும், வளைந்த பலகையை இழைத்து நேராக்க இன்னும் கால் அங்குலம் போகும், சில பலகைகள் விறகுக்கே ஆகும். கூர் இருக்கிறதா என்று அறியத் தூளைப் பார்த்தாலே போதும்: கூரான சங்கிலி சீவலும் சுருளுமாகத் தள்ளும், மழுங்கியது மாவாக உதிர்க்கும். மாவு வந்தும் அறுத்துக்கொண்டே இருப்பவர் உடல் பலத்தால் ரம்பத்தை அழுத்துகிறார். சங்கிலி ஓடும் சட்டம் சூடேறி எண்ணெய் புகைகிறது. மரத்துக்குள் எறும்புப் புற்றோ பொந்தோ இருந்தால் கவனிக்கும் நிதானம் அவருக்கு இருப்பதில்லை. உமாஸ்வாதி சொன்ன கவனமின்மைக்கு இதைவிடக் கண்கூடான காட்சி கிடைப்பது கடினம். துறவிகளுக்குரிய ஐந்து சமிதிகளில், பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்கு ஊறு வராமல் பார்த்துக்கொள்வதும் ஒன்று. இல்லறத்தாருக்கு அது விதியில்லை. ஆனால் அறுப்புக்கு முன் கட்டையைச் சுற்றிவந்து பட்டையைத் தட்டிப் பார்க்கும் அனுபவசாலி, சமிதி என்ற சொல்லை அறியாமலே அதில் பாதியைச் செய்கிறார். அவர் தேடுவது பெரும்பாலும் ஆணியை; சாலையோரப் புளிகளில் விளம்பரத் தகடு அடித்த ஆணிகள் உள்ளே புதைந்து கிடக்கும், ஒன்று பட்டால் போதும், பத்துப் பல் போய்விடும்.

முன்மேட்டின் கதை வேறு. பல்லைத் தீட்டத் தீட்ட அது பின்னோக்கித் தேய்ந்து தாழும். அப்போது மேட்டையும் தட்டை அரத்தால் கொஞ்சம் குறைக்க வேண்டும். வேகம் வேண்டுமென்று அளவுக்கு மேல் குறைத்தால் பல் பெருங்கடி கடிக்கும், ரம்பம் உதறும், முனை மேலெழும்பி ஆளையே தாக்கவும் கூடும். சமண இல்லறத்தார் ஏற்கும் ஐந்து விரதங்களில் கடைசியானது மிகுபொருள் வரைதல். இவ்வளவு போதும் என்று தனக்குத்தானே கோடு போட்டுக்கொள்வது. இந்த ஒப்பீட்டை அதிகம் இழுக்கக்கூடாது, 0.65 மி.மீ. என்பது பொறியியல் கணக்கு, அறநூல் கணக்கன்று. இருந்தாலும், கூர்மையில் இரண்டு கூறுகள் இருக்கின்றன, ஒன்று முனை, மற்றொன்று கடியின் வரம்பு, இரண்டையும் ஒரே ஆள் ஒரே உட்காரலில் தீர்மானிக்கிறார் என்பது இம்சாதான வாதத்துக்கு ஒரு பதிலாகிறது. ‘தீட்டுதல்’ என்ற ஒற்றைச் செயல் கிடையாது. எப்படித் தீட்டினார் என்பதைப் பார்க்காமல், தீட்டினார் என்பதற்காக மட்டும் குற்றம் சாட்ட முடியாது.

மரத்தை வைத்தே மனத்தை அளக்கும் உவமை ஒன்றும் சமணத்தில் பெயர்பெற்றது. பசியோடு ஆறு பேர் நாவல் மரத்தடிக்கு வருகிறார்கள். ஒருவன் வேரோடு சாய்க்கலாம் என்கிறான். மற்றவர்கள் முறையே அடிமரத்தை, பெருங்கிளையை, சிறுகொத்தை, பழத்தை மட்டும் என்கிறார்கள். ஆறாமவன் கீழே விழுந்து கிடப்பதே போதும் என்கிறான். கருமை முதல் வெண்மை வரை இலேசியை எனப்படும் ஆறு மனநிறங்களுக்கு இது விளக்கம். ஆறாமவனுக்கு அரம் தேவையே இல்லை. ஆனால் விழுந்து கிடப்பது பழமாக இல்லாமல் மரமாகவே இருந்தால்? 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்துப் போட்டது. அந்தக் கட்டைகளை அறுத்தவர்கள் எந்த உயிரையும் மரத்திலிருந்து பிரிக்கவில்லை, காற்று பிரித்திருந்தது. உயிர் நீங்கிய பொருளைச் சமணர் அசித்தம் என்பர். அசித்தமான கட்டைக்கு 10 டிகிரி பல் ஆறாமவனின் பழக்கூடைக்குச் சமம் என்று வாதிடலாம். வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு: விழுந்த மரம் வெகுநாள் கிடந்தால் பட்டைக்கடியில் வண்டுப்புழு குடியேறும், அது நகரும் உயிர். அசித்தம் என்ற சலுகை காலம் போகப் போகச் சுருங்கும். அறுக்க வேண்டுமானால் சீக்கிரம் அறுப்பதே குறைந்த தீங்கு.

இன்றைய செயின் ரம்பத்தின் பல் பிறந்ததே அப்படிப்பட்ட ஒரு புழுவிடமிருந்துதான். அமெரிக்காவின் ஓரகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி 1946இல் ஒரு வெட்டுக்கட்டையில் வண்டுப்புழு நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரேபோல மரத்தைத் தின்று போவதைக் கவனித்தார். அதன் இடவலத் தாடைகளைப் பார்த்தே மாறிமாறி அமைந்த பற்களை வடிவமைத்து, 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். புழு செய்தால் உணவு, மனிதன் செய்தால் தீங்கா என்று கேட்பவர்களுக்குச் சமணம் தரும் பதில் எளிது: புழுவுக்கு அளவைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இல்லை, ஆறறிவுக்கு உண்டு. அரத்தையும் மரத்தையும் ஒரே குறளில் வைத்த வள்ளுவர், அரம்போல் கூரிய அறிவிருந்தும் மக்கட்பண்பு இல்லாதவரை மரத்துக்கு ஒப்பிட்டதும் இந்த அறிவுக் கணக்கை ஒட்டித்தான்.

பழியைக் கருவியின் பக்கம் தள்ளுவதா, வாங்குபவர் பக்கம் தள்ளுவதா என்பதில் நூல்களும் சட்டமும் வேறுபட்ட முனைகளைப் பிடிக்கின்றன. குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் தின்பவர் இல்லையென்றால் விற்பவர் இல்லை என்ற திசையில் வாதிடுகிறது. மரத்துக்கு அதைப் பொருத்தினால் பழி நிலைக்கதவு கேட்டவரிடம் போய்ச் சேரும். உச்ச நீதிமன்றம் கோதவர்மன் திருமுல்பாட் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை, மத்திய அரசின் முன் அனுமதியின்றிக் காடுகளுக்குள் இயங்கும் அறுவை மில்களை நிறுத்தச் சொன்னது. ரம்பம் ஓடாவிட்டால் கோடரியும் ஓயும் என்ற கணக்கு அது. இம்சாதானத்தின் தருக்கத்தை நீதிமன்றம் வேறு வழியில் வந்தடைந்தது எனலாம். இந்தக் கோணத்தில் 10 டிகிரி பல்லின் தூய்மை சற்று மங்கத்தான் செய்கிறது. கிடக்கும் கட்டைக்காக மட்டும் தீட்டினேன் என்பவரும், அடுத்த கட்டை எப்படித் தரைக்கு வரும் என்பதை அறிந்தே தீட்டுகிறார்.

செஞ்சிக் கடைத்தெருவில் இந்த வாதங்கள் எதுவும் காதில் விழாது. ஆயுத பூஜையன்று அரம், உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறும். அன்று கருவியைத் தொட்டு வேலை செய்வதில்லை. பழைய சிற்பநூலான மயமதம் மரம் வெட்டுமுன் அதில் குடியிருக்கும் பூதங்களை விலகிப்போகும்படி வேண்டச் சொல்கிறது. பூஜை கருவியைப் புனிதமாக்குகிறது, வேண்டுதல் மரத்தின் குடியிருப்பை மதிக்கிறது. இரண்டுமே செயலை நிறுத்துவதில்லை. சமணம் கருவியைப் புனிதமாக்கவும் மறுக்கிறது, சபிக்கவும் மறுக்கிறது. மேல்சித்தாமூர்ப் பார்சுவநாதர் கோயிலிலும் தேர்த்திருவிழா நடக்கிறது, தேர் மரத்தால் ஆனது. கொல்லாமையைப் போதித்தவரை ஏற்றி வரும் அந்தச் சட்டங்களும் ஒருநாள் ஏதோ ஒரு பல்லின் கீழ் நெடுக்கில் கிடந்தவைதான். அது தேவையில் அடங்குமா என்று கேட்டால், வழிபாட்டுக்கு நேரும் சிறு தீங்கு பெரும்புண்ணியத்தில் கரையும் என்பது சமந்தபத்திரர் காலம்தொட்டு வரும் விடை; கடலில் விழுந்த நஞ்சுத்துளியை அதற்கு உவமை சொல்வார்கள். அந்த விடையை ஏற்காத சமணரும் உண்டு. வடக்கே சுவேதாம்பரரிடையே தோன்றிய ஸ்தானகவாசிகள் உருவ வழிபாட்டையே விலக்கியதற்கு, அதில் நேரும் உயிர்த்தீங்கும் ஒரு காரணம்.